டிரஸ்டுக்குக் கடன் கொடுப்பது யார்? அமெரிக்காவில் இருக்கிற சமூகக் கடன் நிதி நம் எல்லைப்பக்கம் நடக்குமா?

எல்லைக்காட்டு டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம், கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துகிறோம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 32 பேர் பகலில் வந்து போகிறார்கள். பாதிப்பேர் பாலக்காட்டுப் பக்கம், பாதிப்பேர் பொள்ளாச்சிப் பக்கம்.

எங்களுக்கு 8 லட்சம் வேண்டும். ஒரு பழைய வேன் வாங்க 4 லட்சம், பயிற்சி அறை ஒன்று கட்ட 4 லட்சம். வங்கிக்குப் போனேன். "டிரஸ்டுக்குக் கொடுக்க எங்கள் கிளையில் திட்டம் எதுவும் இல்லை டீச்சர், உங்கள் நகையை வைத்து உங்கள் பெயரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மேனேஜர் அன்பாகத்தான் சொன்னார். என் வளையல் நான்கும் ஏற்கெனவே வேறொரு கிளையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

என் மகளின் தோழி அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே ஊர்க்காரர்களே பணம் போட்டு ஒரு நிதி வைத்து, சிறு தொழில்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கடன் கொடுப்பார்களாம், கம்யூனிட்டி லோன் ஃபண்ட் என்று பெயராம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்களைத் தெரிந்த குடும்பங்கள் ஐம்பது இருக்கும், ஆளுக்கு 20,000 போட்டால் நாமே ஒன்று ஆரம்பித்துவிடலாமே?

மீன்கரைக்காரன்
இதுக்கு எதுக்கு டீச்சர் அமெரிக்கா? நம்ம ஊர்க் குறியில், அதான் ஏலச் சீட்டில், சேர்ந்து முதல் ஏலத்திலேயே தள்ளி எடுத்துடுங்க. வேலை முடிஞ்சது.

எல்லைக்காட்டு டீச்சர்
தள்ளுபடி போக 8 லட்சத்தில் எவ்வளவு கையில் நிற்கும் தம்பி? அதோடு குறி என் பெயரில்தான் சேர முடியும். மறுபடி என் தலைதான்.

பனிக்காட்டுத் தம்பி
அக்கா, நான் வடகரப்பதிக்காரன். ஆறு வருடமாக அமெரிக்காவில் நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு நிதியில்தான் கடன் அதிகாரியாக இருக்கிறேன். வெளியே இரண்டடி பனி, வேலைக்கு லீவு. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். தனி ஆட்கள், தேவாலயங்கள், அறக்கட்டளைகள், வங்கிகள் எல்லாரும் நிதிக்குப் பணம் கொடுப்பார்கள். அது நன்கொடை இல்லை, கடன். 3 வருடம், 5 வருடம் என்று தவணை குறித்து எழுதிக் கொடுப்போம், வட்டி குறைவு. சிலர் வட்டியே வேண்டாம் என்பார்கள். ஆரம்ப நாட்களில் இப்படிப் பணம் போட்டவர்களில் கன்னியாஸ்திரீ மடங்கள் நிறைய. வங்கிகள் வருவதற்கு 1977 சட்டம் ஒரு காரணம். தாங்கள் டெபாசிட் வாங்குகிற பகுதியின் ஏழைத் தெருக்களுக்கும் கடன் போக வேண்டும் என்று அது அவர்களைக் கேட்கிறது. 1994-இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்த மாதிரி நிதிகளுக்குச் சான்று கொடுத்து அரசே மூலதன உதவியும் செய்ய அது வழி வைத்தது.

அடுத்தது, யாருக்குப் போகிறது. நியூ ஹாம்ப்ஷயரில் 1983-இல் தொடங்கிய நிதி ஒன்று உண்டு. அதன் முதல் கடன் மெரிடித் என்ற ஊரில், தகர வீடுகள் மாதிரியான நகரும் வீடுகளில் குடியிருந்தவர்களுக்குப் போனது. வீடு அவர்களுடையது, மண் இன்னொருவருடையது. அவர் மண்ணை விற்கப் போனார். குடியிருந்தவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து அதைத் தாங்களே வாங்கிக்கொள்ள 1984-இல் நிதி பணம் கொடுத்தது. வங்கி அவர்களை ஏறெடுத்தும் பார்த்திருக்காது.

இப்போதெல்லாம் பேக்கரி, குழந்தைக் காப்பகம், பண்ணை, மருத்துவ மையம், வாடகை வீடு கட்டுகிற தொண்டு நிறுவனம் என்று எல்லாவற்றுக்கும் கொடுக்கிறோம். கொடுப்பது கடன்தான் அக்கா, தர்மம் இல்லை. எங்கள் வட்டி பல நேரம் வங்கி வட்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும். வங்கி பார்க்காததை நாங்கள் உட்கார்ந்து பார்ப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டபாடு
மன்னிக்கணும், குறுக்கே வருகிறேன். எனக்கு இந்த மாதிரிக் கதை புதிதில்லை. 1990-களில் கோயமுத்தூரில் ஒரு பைனான்ஸ், 24 சதவீதம் வட்டி. என் அப்பா பஞ்சாலை வேலையை விட்டு வந்தபோது கிடைத்த பணம் முழுவதையும் அங்கே போட்டார். எட்டு மாதம் வட்டி சரியாக வந்தது. ஒன்பதாம் மாதம் கதவில் பூட்டு. அவர்களும் "நம்ம ஆளுங்க பணம், நம்ம ஆளுங்களுக்கே" என்றுதான் சொன்னார்கள். டீச்சர், உங்கள் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் ஐம்பது குடும்பத்தின் பணத்தைக் கையில் வாங்காதீர்கள்.

பனிக்காட்டுத் தம்பி
சரியான இடத்தில் கேட்டீர்கள் அண்ணா. உங்கள் அப்பா போட்ட இடத்தில் நட்டம் வந்தால் முதல் அடி யார் மேல் விழுந்தது? உங்கள் அப்பா மேல். எங்கள் நிதியில் அப்படி விழக்கூடாது என்பதற்காகத்தான் மொத்தக் கட்டுமானமும்.

கணக்குக்காக, நிதி 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். அதில் 85 மற்றவர்களிடம் வாங்கியது. 15 நிதியின் சொந்தப் பணம், அதாவது யாருக்கும் திருப்பித் தர வேண்டாத நன்கொடையும் மிச்சம் பிடித்த லாபமும். கடன்காரர் ஒருவர் 4 ரூபாயைக் கட்டவில்லை என்றால் அது அந்தப் 15-இல் கழியும். 85 போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மூழ்கியது 15-ஐத் தாண்டினால்தான் அவர்கள் பணத்தில் கை வைக்கும். அந்த 15 இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குகிறவன், நல்லவனாகவே இருந்தாலும், அடுத்தவன் பணத்தில் சூதாடுகிறான்.

இவ்வளவு இருந்தும் பணம் போடுகிறவரிடம் "இதற்கு வங்கி டெபாசிட் மாதிரி இன்சூரன்ஸ் கிடையாது" என்று எழுத்தில் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம். விழவே விழாது என்றும் இல்லை. இந்த வழியில் முன்னோடியாக இருந்த சிகாகோவின் ஷோர்பேங்க், 1973-லிருந்து பேர் சொல்லும்படி நடந்தது, 2010-இல் மூடப்பட்டது. அது முழு வங்கி என்பதால் டெபாசிட்காரர்களைக் காப்பாற்ற அரசு இன்சூரன்ஸ் இருந்தது.

ஓய்வுச் செயலாளர்
தம்பி சொன்ன "முதல் அடி யார் மேல்" என்ற கேள்வி நம் நாட்டுக்கும் பழையதுதான். ஃபிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்துக்காக 1890-களில் ஜெர்மனியின் ரைஃபைசன் என்ற கிராமக் கடன் கூட்டுறவுச் சங்கங்களைப் படித்து அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சட்டத்தில் கிராமச் சங்கத்துக்கு வரம்பில்லாப் பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் மீதி எல்லார் வீட்டுச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். அதனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று கூட்டத்தில் முகத்துக்கு நேரே பேசினார்கள். பிறகு பொறுப்பு சுருங்கியது, பேச்சும் சுருங்கியது. 31 வருடம் சங்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், கடன் தள்ளுபடி வரும் என்று தெரிந்தால் மிராசுதாரும் தவணை கட்டமாட்டார்.

பேரேடு
பொள்ளாச்சியில் கணக்கு எழுதுகிற ஆள் நான். டீச்சர், நீங்கள் ஐம்பது குடும்பம் என்று சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்கிற 2019 சட்டத்தை எங்கள் ஆபீசில் சுருக்கமாக "பட்ஸ்" என்போம். உங்கள் பக்கத்தில் பட்ஸ் என்றால் பஞ்சாயத்தும், கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயும் நடத்துகிற, உங்கள் பிள்ளைகள் மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளி. பெயர் ஒன்று, போய்ச் சேருகிற இடம் வேறு. நான் சொல்கிற பட்ஸ் சட்டத்தில் டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்தாலே 1 முதல் 5 வருடம், வாங்கினால் 2 முதல் 7 வருடம் சிறை, அபராதம் தனி. "திருப்பித் தருகிறேன்" என்று ஊராரிடம் வாங்குகிற பணம் அதற்குள் வந்து விழ வாய்ப்பு அதிகம். சொந்தக்காரர்களிடம் வாங்குவதும், சுய உதவிக் குழு தன் உறுப்பினரிடம் அரசு சொன்ன அளவுக்குள் சேர்ப்பதும் விலக்கு.

"அப்போ உறுப்பினர்களிடம் வாங்கி உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கிற 'நிதி' கம்பெனி?" என்று யாராவது கேட்பீர்கள். அதற்கான 2014 'நிதி' விதிகளைப் படியுங்கள். உறுப்பினருக்குத்தான் கடன், டிரஸ்டையோ கம்பெனியையோ உறுப்பினராகச் சேர்க்கக்கூடாது. லாப நோக்கமில்லாத எட்டாம் பிரிவு கம்பெனி? ரிசர்வ் வங்கி விலக்கு கொடுக்கிற சிறுகடன் வேலை, வருடம் 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு ஈடில்லாமல் கொடுப்பது. டெபாசிட் வாங்கக்கூடாது. அதிலும் டிரஸ்டுக்கு இடம் இல்லை. உங்கள் டிரஸ்டே மற்றவருக்குக் கடன் கொடுக்கலாமா என்றால், வரிவிலக்கு வாங்கிய டிரஸ்ட் தன் பணத்தைச் சட்டம் காட்டிய இடங்களில் மட்டும்தான் போடலாம்.

ஆக தம்பி ஊரில் இருக்கிற அதே உருவம் இங்கே ஒரே கூரைக்குள் கிடையாது, துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனி என்றால் நபார்டின் துணை நிறுவனமான நாப்கிசான் இருக்கிறது, சென்னையில் சமுன்னதி என்ற கடன் நிறுவனம் இருக்கிறது. சுய உதவிக் குழுக்களுக்கு மைராடா என்ற தொண்டு நிறுவனம் பெற்றெடுத்த சங்கமித்ரா. தனி ஆள் பணம் போட்டு விவசாயிக்கோ சிறு தொழிலாளிக்கோ கடன் போக வேண்டும் என்றால் ரங்தே மாதிரி ரிசர்வ் வங்கிப் பதிவு பெற்ற தளம். தொண்டு நிறுவனத்துக்கு என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி கொண்டுவந்த சமூகப் பங்குச் சந்தை உண்டு. ஆனால் அதில் தொண்டு நிறுவனம் வெளியிடுகிற பத்திரத்துக்கு வட்டியும் இல்லை, அசலும் திரும்பாது. நன்கொடைக்கு ரசீதைக் கொஞ்சம் அழகாக அடித்துக் கொடுத்த மாதிரி.

தென்னங்கீற்று
பேரேடு அண்ணா சொன்ன குழு வழியில் வந்தவள் நான். எருத்தேம்பதிப் பக்கம், ஐந்து பெண்கள் சேர்ந்து குடும்பஸ்ரீ யூனிட்டாகத் தேங்காயெண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறோம். கடன் கிடைத்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் காகிதம் எல்லாம் மலையாளம். "ஆதாரம் கொண்டா" என்றார்கள், ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர்கள் கேட்டது கிரயப் பத்திரம்! அப்புறம் முன்னாதாரம் என்கிற பழைய மூலப் பத்திரம், நிலவரி கட்டிய ரசீது, வில்லேஜ் ஆபீஸில் கைவசச் சான்று. எங்கள் வீட்டு நிலத்துப் பேப்பரில் பாதி தாத்தா காலத்துத் தமிழ்ப் பத்திரம். ஒரு மாதம் அலைந்தேன். டீச்சர், எங்கே கேட்டாலும் முதலில் பேப்பரைச் சரி செய்து வையுங்கள்.

மீன்கரைக்காரன்
ஆதார் கார்டு கதை சூப்பர் அக்கா.

பட்டபாடு
தம்பிக்கு ஒரு கேள்வி. கடைக்காரன் சரக்கு விற்றுக் கட்டுவான். தொண்டு நிறுவனம் எதை விற்றுக் கட்டும்? அடுத்த நன்கொடையை நம்பித்தானே? பிச்சைப் பாத்திரத்தை ஈடு வைக்கிற மாதிரி இல்லையா?

பனிக்காட்டுத் தம்பி
கடுமையாகச் சொன்னாலும் கேள்வி நல்ல கேள்வி. எங்கள் கடன் கமிட்டியில் ஒரு பாட்டி இதையே இன்னும் கடுமையாகக் கேட்பார்.

தொழில் என்றால் எங்கிருந்து திரும்பும் என்பது கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் எப்போதும் இல்லை. பேக்கரி நடத்துகிற அம்மா ஒருவர் பெரிய அடுப்பு வாங்க 60,000 டாலர் கேட்டு வந்தார். நான்கு நாள் அவர் கணக்கோடு உட்கார்ந்தேன். ஓட்டல்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிற ரொட்டியில் ஒவ்வொன்றுக்கும் நட்டம். பெரிய அடுப்பு வந்தால் நட்டம் பெரிதாக வேகும். விலையை மாற்றி ஆறு மாதம் ஓட்டிக் காட்டுங்கள் என்றோம். பிறகு 25,000 கொடுத்தோம், போதுமானதாக இருந்தது. அவருடைய கடன் மதிப்பெண் படுமோசம், கணவரின் ஆஸ்பத்திரிச் செலவால் வந்தது. வங்கி அந்த எண்ணோடு நிறுத்திவிட்டது. நாங்கள் ஏன் என்று கேட்டோம்.

தொண்டு நிறுவனத்திடம் லாபம் எவ்வளவு என்று கேட்டுப் பயனில்லை. வருகிற பணத்தில் எது கையெழுத்தானது, எது வெறும் வாக்கு? எது இன்ன செலவுக்கு மட்டும் என்று கட்டிப் போட்டது, எது கையை வீசிச் செலவழிக்கக்கூடியது? இதைத்தான் நோண்டுவோம். வங்கியில் 20 லட்சம் இருக்கும், அதில் 19 லட்சம் கிணறு வெட்ட என்று வந்ததாக இருக்கும். அதிலிருந்து தவணை கட்டினால் தவறு. அரசோ அறக்கட்டளையோ கையெழுத்திட்ட பணம் நான்கு மாதம் தாமதம் என்றால் அதன் மேல் கொடுப்பது எங்களுக்குப் பிடித்த கடன். பணம் வந்ததும் ஒரே அடியில் தீர்ந்துவிடும்.

அக்கா, உங்கள் மாதக் கணக்கை இங்கே போட முடியுமா? பெயர் எதுவும் வேண்டாம்.

எல்லைக்காட்டு டீச்சர்
இரவு உட்கார்ந்து எழுதினேன். 14 பெற்றோர் மாதம் 1,500 கொடுக்கிறார்கள், 21,000. மற்றவர்களால் முடியாது. மாதாந்திர நன்கொடை சராசரி 46,000. பிள்ளைகளும் அம்மாக்களும் தைக்கிற துணிப்பையில் செலவு போக 18,000. ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி வருடம் 6 லட்சம், சம்பளத்துக்கு மட்டும், இரண்டு தவணை. இரண்டாவது தவணை செலவுச் சான்று பார்த்துத்தான் வரும், மூன்று நான்கு மாதம் தாமதம். வளையல் போனது அந்த மாதங்களில்தான். செலவு மொத்தம் 1,12,000. அதில் வாடகை வேனுக்கு மட்டும் 24,000.

பனிக்காட்டுத் தம்பி
நன்றி அக்கா. என் மேஜைக்கு வந்த விண்ணப்பமாகவே பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கம்பெனிப் பணத்தை மாதம் 50,000 என்று வைத்து எல்லாம் சேர்த்தால் வரவு மாதம் 1,35,000, மிச்சம் 23,000. 8 லட்சத்தை 10 சதவீதத்தில் 5 வருடத்துக்கு வாங்கினால் தவணை 17,000. மேலோட்டமாகப் பார்த்தால் தாங்கும். 100 ரூபாய் தவணைக்கு 135 ரூபாய் மிச்சம் இருக்கிறது, நாங்கள் 120, 125 இருந்தாலே பேசுவோம். ஆனால் அந்தக் கம்பெனிப் பணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். மாதம் 27,000 பள்ளம். ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு?

எல்லைக்காட்டு டீச்சர்
வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அடுத்த மார்ச் வரை இருக்கிறது.

பனிக்காட்டுத் தம்பி
அப்படியென்றால் 8 லட்சம் கொடுக்கமாட்டேன். ஒரு வருட வாக்கை நம்பி ஐந்து வருடக் கடன் கொடுத்தால் உங்களுக்கு நான் செய்வது உதவி இல்லை. கேட்டதை மூன்றாகப் பிரிப்பேன்.

வேன். வாடகை 24,000 நின்றுபோகும். சொந்த வேனுக்கு டிரைவர், டீசல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எவ்வளவு ஆகும்?

எல்லைக்காட்டு டீச்சர்
விசாரித்தேன். 15,000 என்கிறார்கள். டிரைவர் எங்கள் பிள்ளை ஒருவனின் அப்பா, அதனால் குறைவு.

பனிக்காட்டுத் தம்பி
மிச்சம் 9,000. 4 லட்சத்துக்குத் தவணை 8,500. ஒரு டயர் வெடித்தால் கதை முடிந்தது. 1 லட்சம் நன்கொடை திரட்டி, 3 லட்சம் மட்டும் கடன் வாங்கினால் தவணை 6,400-க்குள் நிற்கும். கம்பெனிப் பணம் வந்தாலும் வராவிட்டாலும், பிள்ளைகளை ஏற்றி வருகிற வரை வேன் தன் கடனைத் தானே கட்டும். அதற்குக் கையெழுத்துப் போடுவேன்.

அறை ஒரு ரூபாயும் சம்பாதிக்காது. தேவை பெரியது, மறுக்கவில்லை. அதை நன்கொடையில்தான் கட்ட வேண்டும். ஒரு சுவருக்கு ஒரு பெயர் என்று கேட்டால்கூடக் கொடுப்பார்கள்.

மூன்றாவது நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் வளையல் அதில்தான் போயிருக்கிறது. தாமதமாகிற அந்த நான்கு மாதப் பள்ளம் சுமார் 1,08,000. கையெழுத்தான தவணைக்கு எதிராக 1 லட்சம் எடுத்து நான்கு மாதத்தில் அடைத்தால் வட்டி 3,300-தான். என் மேஜையில் முதலில் இதைத்தான் எழுதுவேன்.

ஓய்வுச் செயலாளர்
தம்பி, சங்கத்தில் என் கூட இருந்திருக்க வேண்டிய ஆள் நீ.

பட்டபாடு
நானும் ஒத்துக்கொள்கிறேன், அரை மனதாக. அறைக்கு ஒரு சுவர் என் கணக்கில். திருப்பித் தர வேண்டாம். கடனாக மட்டும் கேட்காதீர்கள்.

பேரேடு
இனி நடைமுறைக்கு வருவோம். வேன் என்பதால் வண்டியே ஈடு. வண்டிக் கடன் டிரஸ்ட் பெயரிலும் கொடுக்கிறார்கள், டிரஸ்டிகள் தனியாக ஜாமீன் நிற்க வேண்டும், மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு கேட்பார்கள். பொள்ளாச்சியில் விலை குறைவு என்று இந்தப் பக்கம் வாங்கினால், தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கிப் பாலக்காட்டில் நம்பர் மாற்ற வேண்டும், கேரள வரி தனி. அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். இடைக்காலப் பணத்துக்கு முதலில் கம்பெனியிடமே பேசுங்கள். இரண்டு தவணையை நான்காக்கினால் பள்ளமே விழாது. கேட்டால் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் டிரஸ்ட் பத்திரத்தை எடுங்கள். கடன் வாங்கும் அதிகாரம் என்று ஒரு ஷரத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

எல்லைக்காட்டு டீச்சர்
பத்திரத்தைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று, பீரோவுக்கு அடியில் இருந்தது. அண்ணா, 7-ஆம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "இந்த டிரஸ்ட் எக்காரணம் கொண்டும் எவரிடமும் வட்டிக்குப் பணம் வாங்கலாகாது." நிலம் கொடுத்த பெரியவர் எழுத வைத்தது. பிளேடுக்காரர்களிடம், அதாவது கந்துவட்டிக்காரர்களிடம், மாட்டி ஒரு தோப்பை இழந்தவர் அவர். 2014-இல் கேரள போலீஸ் அவர்களைப் பிடிக்க ஆபரேஷன் குபேரா நடத்தியபோது, "பத்து வருடம் முன்னால் வந்திருக்கக்கூடாதா" என்று திண்ணையில் உட்கார்ந்து பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அவர் இல்லை.

மீன்கரைக்காரன்
அட கடவுளே.

பேரேடு
பதறாதீர்கள். பத்திரத்தைத் திருத்த டிரஸ்டிகளுக்கு அதிகாரம் கொடுத்து ஷரத்து ஏதாவது இருக்கிறதா? வழக்கமாகக் கடைசிப் பக்கங்களில் வரும். இருந்தால் எந்த ஷரத்தைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் வக்கீல், கோர்ட் என்று போகும். அதுவரை டிரஸ்டி ஒருவர் பெயரில் வண்டி வாங்கி டிரஸ்டுக்கு ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கணக்கிலும் விபத்திலும் தலைவலி.

எல்லைக்காட்டு டீச்சர்
9-ஆம் பக்கத்தில் "திருத்தம்" என்று தலைப்பு தெரிகிறது அண்ணா. போன மழையில் ஈரம் பட்டு 9-ம் 10-ம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிக்கப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை பொள்ளாச்சி சப்ரிஜிஸ்தர் ஆபீஸில் நகல் கேட்டு மனு போடப் போகிறேன். பதிவு எண் முதல் பக்கத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது.